ஒரே சர்க்கரை, பல பெயர்கள்

ஒரு மில்லி என்பது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. முகத்து மடிப்புகளை நிரப்பவும், ஒட்டிப்போன கன்னத்தை எடுப்பாக்கவும், உதட்டுக்குச் சற்றுத் தடிப்பு கொடுக்கவும் பயன்படும் ஃபில்லர் பெரும்பாலும் இந்த அளவில்தான் சிரிஞ்சில் அடைபட்டு வருகிறது. (போடாக்ஸ் வேறு. அது தசையைத் தளர்த்தும். ஃபில்லர் இடத்தை நிரப்பும்.) அந்த ஒரு மில்லியிலும் சரக்கு என்று சொல்லத்தக்கது சொற்பம்தான். ரெஸ்டிலேனில் 20 மில்லிகிராம் ஹயலூரானிக் அமிலம், ஜுவிடெர்ம் அல்ட்ராவில் 24, பெலோட்டெரோ பேலன்ஸில் 22.5. சிலவற்றில் வலி தெரியாமலிருக்கக் கொஞ்சம் லிடோகெய்ன் கலந்திருக்கும். மீதி முழுவதும் உப்புக் கரைசல். மூன்றிலும் ஒவ்வொரு சொட்டைப் பெயர் சொல்லாமல் கண்ணாடித் தட்டில் வைத்தால், மூன்றும் நிறமற்று, பளிங்குபோல, நுங்கின் ஓரத்தைக் கிள்ளி வைத்ததுபோல இருக்கும். ஆனால் ஃபில்லர் போட்டுக்கொள்ள முடிவு செய்தவர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: இவற்றில் எது நல்லது? கேள்வி நியாயமானது, விடையும் உண்டு. ஆனால் பிராண்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டு தேடினால் அந்த விடை கிடைக்காது. இந்த ஜெல்களுக்கு இடையே உள்ள வேறுபாடு உண்மையானது, ஆய்வகத்தில் அளக்கக்கூடியது. ஆனால் முகத்தில் எந்த இடம், எவ்வளவு ஆழம், யார் கை என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் அந்த வேறுபாட்டுக்குப் பொருள் வருகிறது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது அதைத்தான்.

ஹயலூரானிக் அமிலத்தைக் கண்டெடுத்தது அழகுக்காக அல்ல. 1934-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் கூழ்போன்ற திரவத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அது ஒரு சர்க்கரைச் சங்கிலி. இரண்டே வகைச் சர்க்கரைத் துண்டுகள் மாறி மாறி ஆயிரக்கணக்கில் கோத்தது. தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வதில் அதற்கு இணையான பொருள்கள் உடலில் குறைவு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 15 கிராம் இருக்கிறது. ஏறத்தாழப் பாதி தோலில். அதில் மூன்றில் ஒரு பங்கை உடல் நாள்தோறும் உடைத்துப் புதிதாகச் செய்கிறது. பாக்டீரியாவில் இருந்தாலும் சேவலின் கொண்டையில் இருந்தாலும் மனிதத் தோலில் இருந்தாலும் இந்தச் சங்கிலியின் அமைப்பு ஒன்றே என்பது மருத்துவத்துக்கு வாய்த்த பெரிய வசதி. அதற்கு முன் புழங்கியது மாட்டுக் கொலாஜன். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1981-இல் அனுமதித்த ஸைடெர்ம் அந்த வகை. நூற்றில் மூன்று பேருக்கு ஒவ்வாமை வரும் என்பதால், முன்கையில் சோதனை ஊசி போட்டுப் பல வாரம் காத்திருந்த பிறகே முகத்தில் போட முடிந்தது. பாக்டீரியாவை நொதிக்கவைத்து எடுத்த ஹயலூரானிக் அமிலம் அந்தக் காத்திருப்பைப் போக்கியது. ஆனால் அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் சில நாளில் உடல் கரைத்துவிடும். ஆகவே சங்கிலிக்கும் சங்கிலிக்கும் குறுக்கே முடிச்சுப் போட வேண்டியிருந்தது. பி.டி.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்லும் வேதிப்பொருள் அந்த முடிச்சைப் போடுகிறது. ஸ்வீடனின் உப்சாலா நகரில் பெங்ட் ஒகெருப் தொடங்கிய கியூ-மெட் நிறுவனத்தின் ரெஸ்டிலேன் 1996-இல் ஐரோப்பாவிலும் 2003 டிசம்பரில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஜுவிடெர்ம் 2006-இலும் பெலோட்டெரோ 2011-இலும் அமெரிக்க அனுமதி பெற்றன. முடிச்சுப் போடும் பொருள் மூன்றுக்கும் பி.டி.டி.இ.தான்.

பொருளும் ஒன்று, முடிச்சும் ஒன்று என்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? சங்கிலியின் நீளம், முடிச்சுகளின் நெருக்கம், ஜெல்லைப் பொடித்த விதம் ஆகிய மூன்றிலிருந்து. கடைசியாகச் சொன்னதை விளங்கிக்கொள்ள ரெஸ்டிலேன் குடும்பமே போதும். ரெஸ்டிலேனும் பெர்லேனும் ஒரே ஜெல், ஒரே செறிவு. கெட்டியாக உறைந்த ஜெல்லைச் சல்லடையில் அழுத்தித் தள்ளுகிறார்கள். சல்லடைக் கண் சிறிதாக இருந்தால் மில்லிக்குச் சுமார் ஒரு லட்சம் துகள்கள் வரும், அது ரெஸ்டிலேன். கண் பெரிதாக இருந்தால் சுமார் பத்தாயிரம் வரும், அது பெர்லேன். ஒரே கோதுமையிலிருந்து ரவையும் நொய்யும் வருவதுபோலத்தான். பின்னால் 2015-இல், லிடோகெய்ன் கலந்த பெர்லேனுக்கு ரெஸ்டிலேன் லிஃப்ட் என்று பெயர் மாற்றினார்கள், ஜெல் மாறவில்லை. ஜுவிடெர்ம் அல்ட்ரா இப்படித் துகளாக நிற்பதில்லை, வழவழப்பாக ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும். அதே நிறுவனத்தின் பிந்தைய வரிசையான வொலுமா, வொல்பெல்லா போன்றவற்றில் நீளச் சங்கிலிகளோடு குட்டைச் சங்கிலிகளை அதிகமாகக் கலந்து முடிச்சை நெருக்கியிருக்கிறார்கள். பெலோட்டெரோவில் முடிச்சுப் போடும் வேலையை இரண்டு கட்டமாகச் செய்து, ஒரே ஜெல்லுக்குள் நெருக்கமான இடமும் தளர்ந்த இடமும் இருக்கும்படி விடுகிறார்கள். ஒரு குவளைத் தண்ணீரில் ரெஸ்டிலேனைப் பீய்ச்சி லேசாகக் கலக்கினால் வெந்த ஜவ்வரிசிபோல மணி மணியாகப் பிரியும். ஒட்டித் திரண்டு நிற்கும் ஜெல்லைப் பீய்ச்சினால் அது சேமியா இழைபோல வளைந்து கிடக்கும், கரண்டி பட்டால்கூட உடனே பிரியாது.

இந்த வேறுபாட்டை இயற்பியல் இரண்டு மூன்று அளவுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. முதலாவது விறைப்பு: ஜெல்லை அழுத்தினால் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது, கையை எடுத்ததும் எவ்வளவு பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது என்பது. ஆய்வாளர்கள் இதை ஜி-பிரைம் என்பார்கள். இரண்டாவது, தனக்குள் ஒட்டிக்கொண்டு சிதறாமல் நிற்கும் குணம். மூன்றாவது, சுற்றியுள்ள நீரை உறிஞ்சி எவ்வளவு ஊதும் என்பது. இவை வெறும் தாள் கணக்கல்ல. கன்ன எலும்பின் மேல், ஆழத்தில், எலும்புறையை ஒட்டி வைக்கும் ஜெல் அதன்மேல் கிடக்கும் கொழுப்பையும் தசையையும் தாங்க வேண்டும். அங்கே மெத்தென்ற ஜெல் பரந்து தட்டையாகிவிடும். உதடு ஓயாமல் அசைகிற இடம். அங்கே விறைத்த ஜெல்லை வைத்தால் பேசும்போது உள்ளே கட்டி இருப்பதுபோல உணரப்படும். கண்ணுக்கடியில் ஏற்படும் பள்ளம் இன்னும் நுட்பமானது. அங்கே தோல் மிக மெல்லியது. நீரை அதிகம் இழுக்கும் ஜெல் போட்டால் பள்ளம் நிரம்புவதோடு நிற்காது, விடிந்தெழும்போது வீங்கிய இமையாக நிற்கும். தோலின் மேலடுக்கில் தெளிவான ஜெல் தேங்கினால் நீல ஒளி அதிகமாகச் சிதறித் திரும்பி, கன்றிப்போனதுபோல நீலச்சாயல் தெரியும். ஜான் டிண்டால் பெயரால் மருத்துவர்கள் அழைக்கும் விளைவு இது. எனவே, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் தவறுகிறார்கள். ஆனால் இங்கே சொன்ன ஒவ்வொரு வேறுபாடும் ஏதோ ஓர் இடத்தோடு சேர்த்தே சொல்ல முடிந்தது. இடத்தைக் கழற்றிவிட்டு, பெலோட்டெரோ நல்லதா ஜுவிடெர்ம் நல்லதா என்று கேட்டால், அரிவாள் நல்லதா கத்தரிக்கோல் நல்லதா என்று கேட்பதுபோல ஆகிவிடும்.

விறைப்பு எண்ணையே பார்த்து முடிவு செய்யலாமே என்று தோன்றும். நிறுவனங்கள் அந்த எண்ணை வெளியிடுகின்றன. அதிகமுள்ளதைக் கன்னத்துக்கும் குறைவானதை உதட்டுக்கும் வாங்கினால் ஆயிற்று. தடங்கல் அளக்கும் விதத்தில் இருக்கிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஜெல்லை வைத்து மேல்தட்டை இப்படியும் அப்படியும் திருகித்தான் ஜி-பிரைமை அளக்கிறார்கள். விநாடிக்கு எத்தனை முறை திருகினார்கள், தட்டுகளின் இடைவெளி எவ்வளவு, எந்த வெப்பநிலை என்பவற்றைப் பொறுத்து ஒரே ஜெல்லுக்கே வெவ்வேறு எண்கள் கிடைக்கும். ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு வைத்து ஒப்பிடுவது, நாட்டுப்படியால் அளந்ததையும் லிட்டரால் அளந்ததையும் பக்கத்தில் வைத்து எது அதிகம் என்று கேட்பதற்குச் சமம். பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருக்கும் செறிவு எண் இதைவிடவும் தவறாக வழிநடத்தும். 24 மில்லிகிராம் உள்ள ஜுவிடெர்ம் அல்ட்ராவைவிட 20 மில்லிகிராம் உள்ள வொலுமா விறைப்பானது. காரணம் மேலே சொன்ன முடிச்சு நெருக்கம். எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை மட்டும் அந்த எண் சொல்கிறது. அது எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

சரி, ஆய்வகத்தை விடுவோம். முகத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? இந்தத் துறைக்குப் பல மருத்துவத் துறைகளில் கிடைக்காத ஒரு வசதி உண்டு: ஒரே மனிதருக்கு இரண்டு கன்னம். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பில் ஒரு பக்கம் ஒரு ஜெல்லும் மறுபக்கம் வேறொன்றும் போட்டு, எது எந்தப் பக்கம் என்று தெரியாத மருத்துவரிடம் காட்டலாம். வயது, வெயில், பரம்பரை, பழக்கம் எல்லாம் இரு பக்கத்துக்கும் பொது. 2003-இல் வெளியான நாரின்ஸ் குழுவின் சோதனை இந்த முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 138 பேருக்கு ஒரு பக்கம் ரெஸ்டிலேன், மறுபக்கம் ஸைப்ளாஸ்ட் என்ற மாட்டுக் கொலாஜன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது 56.9 சதவீதம் பேரிடம் ரெஸ்டிலேன் பக்கம் மேலாக இருந்தது, 9.5 சதவீதம் பேரிடம் மட்டுமே கொலாஜன் பக்கம். மிகத் தெளிவான வெற்றி. ஆனால் அது கொலாஜனுக்கு எதிராகக் கிடைத்தது. ஒரு ஹயலூரானிக் ஜெல்லை இன்னொரு ஹயலூரானிக் ஜெல்லோடு மோதவிட்டால் காட்சி மாறுகிறது. அனுமதிக்காக நடத்தும் அத்தகைய சோதனைகள் பெரும்பாலும் புதியது பழையதைவிட மேல் என்று காட்டத் திட்டமிடப்படுவதில்லை. பழையதைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மோசமல்ல என்று காட்டினாலே போதும். அந்தப் பரீட்சையில் தேறியதை விளம்பரம் வெற்றி என்று எழுதும்போது, சமம் என்பது மேல் என்பதாக மாறிவிடுகிறது. மடிப்பை அளக்கும் கோலும் ஐந்தே படிகள் கொண்டது. அந்தப் படிகளில் ஒன்று இறங்குமளவு மாற்றம் கண்ணுக்குத் தெரியும். ஒத்த இரண்டு ஜெல்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அந்த ஒரு படியைவிடச் சிறியதாக இருந்தால் இந்தக் கோலால் பிடிக்க முடியாது. கண்ணாடி பார்ப்பவராலும் முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும்: தோற்றத்தில் சமம் என்றாலும் நிற்கும் காலத்தில் வேறுபடுமே, அதிக நாள் நிற்பதற்கு அதிகம் கொடுக்கலாமே. நியாயமான வாதம்தான், ஆனால் கால அளவு என்பது ஜெல்லின் குணம் மட்டுமல்ல. ரெஸ்டிலேனையே எடுத்துக்கொள்வோம். முதலில் அதற்குச் சொல்லப்பட்டது ஆறு மாதம். பிறகு அதே ஜெல்லை, நாலரை மாதத்திலோ ஒன்பது மாதத்திலோ மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்த சோதனையில் பலன் 18 மாதம் வரை நின்றது. ஜெல்லில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது போடும் அட்டவணை. கன்னத்துக்காக 2013-இல் அமெரிக்க அனுமதி பெற்ற வொலுமாவுக்கு இரண்டு ஆண்டு என்று சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனையில் ஒருவருக்குச் சராசரியாக ஆறு மில்லிக்கும் மேல் போட்டார்கள். ஒரு மில்லி போட்டுக்கொண்டு இரண்டு ஆண்டை எதிர்பார்ப்பவர் சோதனையில் நடந்ததை வாங்கவில்லை. இதற்கு அடியில் இன்னும் வியப்பான ஓர் உண்மை கிடக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2007-இல் வெயிலால் தளர்ந்த முன்கைத் தோலில் ரெஸ்டிலேன் போட்டுத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். ஜெல் இழுத்து விறைக்க வைத்ததால், சுற்றியிருந்த செல்கள் புதிதாகக் கொலாஜன் சுரந்திருந்தன. மாதங்கள் கழித்துக் கண்ணாடியில் தெரியும் நிறைவில் ஒரு பங்கு ஜெல்லுடையது, இன்னொரு பங்கு அவரவர் தோல் செய்தது. மறுபுறம், 2024-இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வொன்றில், நடுமுகத்தில் கடைசி ஊசி போட்டுக் குறைந்தது இரண்டு ஆண்டு ஆகிவிட்ட 33 பேரைப் பார்த்தார்கள். 33 பேருக்கும் ஜெல் உள்ளே இருந்தது, சிலருக்குப் பத்தாண்டு தாண்டியும். எம்.ஆர்.ஐ. எடுக்க வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், ஃபில்லர் போட்ட எல்லோருக்கும் இதைப் பொருத்த முடியாது. ஆனாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று நிறுவனங்கள் சொல்வது பலன் கண்ணுக்குத் தெரியும் காலத்தைத்தான். ஜெல் உடலில் தங்கும் காலம் வேறு. கரைந்துவிட்டது என்று நம்பி மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் முகம் எப்படி ஊதும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அதிக நாள் நிற்பதை ஒரே நன்மையாக எண்ணுவதை நாம் விட வேண்டும். விருப்பம் மாறினாலும், வேண்டாத இடத்துக்கு ஜெல் நகர்ந்தாலும், அந்த நீண்ட ஆயுளே சுமையாகும்.

இரண்டாவது மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும், அதை மதித்துக் கேட்க வேண்டும்: ஆய்வுகள் என்ன சொன்னாலும் எங்கள் கைக்கு வித்தியாசம் தெரிகிறது. தெரியத்தான் செய்யும். ஊசி வழியே தள்ளும்போது கட்டைவிரலில் படும் எதிர்ப்பு, உள்ளே போனபின் விரலால் நீவும்போது வசமாகும் விதம், ஒரு வாரத்தில் எவ்வளவு வீங்கி வடியும் என்ற கணிப்பு எல்லாம் ஒவ்வொரு ஜெல்லுக்கும் வேறு. ஆனால் இந்த அறிவு ஜெல்லைப் பற்றியது மட்டுமல்ல, அந்தக் கையைப் பற்றியதும்கூட. பத்தாண்டு ஒரே ஜெல்லோடு பழகிய மருத்துவருக்கு அது எவ்வளவு ஊதும், எங்கே கட்டியாகும் என்று தெரியும். எனவே அவர் கையில் அது நன்றாக வேலை செய்கிறது. இன்னொருவருக்கு வேறொன்று அப்படி. கையின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு எண்களும் உண்டு. அமெரிக்காவில் 370 தோல் மருத்துவர்கள் போட்ட 17 லட்சம் சிரிஞ்சுகளைக் கணக்கெடுத்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஜெல் இரத்தக் குழாயை அடைத்தது, கூர் ஊசியால் போட்டபோது 6,410 சிரிஞ்சுக்கு ஒன்று. கான்யுலா என்ற மழுங்கிய முனைக் குழலால் போட்டபோது 40,882 சிரிஞ்சுக்கு ஒன்று. ஐந்தாண்டுக்கு மேல் அனுபவமுள்ளவர்களிடம் அடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களிடத்தைவிடச் சுமார் 70 சதவீதம் குறைவு. இவை மருத்துவர்கள் தாங்களே சொன்ன கணக்கு. எளிய இடங்களில் ஒன்றையும் கடினமான இடங்களில் மற்றொன்றையும் அவர்கள் தேர்ந்திருக்கலாம். ஆகவே ஆறு மடங்கு வித்தியாசம் முழுவதையும் கருவியின் கணக்கில் எழுத முடியாது. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், ஒத்த இரண்டு ஜெல்களுக்கு இடையே இந்த அளவு பாதுகாப்பு வித்தியாசத்தைக் காட்டிய ஆதாரம் எதையும் எந்த விளம்பரமும் முன்வைத்ததாகத் தெரியவில்லை. பிராண்டை முதலில் தேர்ந்துவிட்டு அதைப் போடும் ஆளைத் தேடுவது தலைகீழ் வரிசை. முகத்து இரத்தக் குழாய்களை அறிந்த மருத்துவரைத் தேடுங்கள். பிறகு, அவர் கை எந்த ஜெல்லோடு பழகியிருக்கிறதோ அதை ஏன் இந்த இடத்துக்குத் தேர்கிறார் என்று கேளுங்கள்.

எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான் என்றால் மலிவானதையே வாங்கலாமே? இதற்கு விடை தோற்றத்தில் இல்லை, அரிய தீங்குகளை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. நூறு பேருக்குப் போட்டுப் பார்த்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு புதிய ஜெல்லின் துண்டறிக்கை சொல்லலாம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நூறில் பூச்சியம் என்ற விடை, உண்மையான ஆபத்து நூற்றுக்கு மூன்று வரை இருப்பதோடும் ஒத்துப்போகும் என்பது புள்ளியியலின் எளிய கணக்கு. ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தால்தான் சில குணங்கள் வெளியே வரும். வொலுமா போட்ட 2,342 பேரைக் கனடாவில் தொடர்ந்து பார்த்தபோது 23 பேருக்கு, மாதங்கள் கழித்து, போட்ட இடத்தில் சிவந்து வீங்கிய கட்டிகள் தோன்றின. அதே குடும்பத்தைச் சேர்ந்த வொல்பெல்லா போட்ட 400 பேரைப் பார்த்த வேறோர் ஆய்வில் 17 பேருக்கு. இரண்டும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கைகளால் நடந்தவை. ஒன்றோடொன்று நேராக ஒப்பிட்டு இது அதைவிட நான்கு மடங்கு கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட கட்டி என்று ஒன்று உண்டு, இவ்வளவு நாள் கழித்தும் வரலாம், இப்படிக் கையாளலாம் என்ற அறிவே அந்த ஜெல்கள் பல ஆண்டு புழங்கியதால் கிடைத்தது. நேற்று வந்த ஜெல்லுக்கு அந்தக் கட்டி இல்லை என்று அர்த்தமில்லை. அதைத் தேடிப் பார்க்க இன்னும் யாருக்கும் காலம் வாய்க்கவில்லை. பழைய ஜெல்லுக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் ஒரு பங்கு இந்த அறிவுக்குப் போகிறது. பிரான்ஸில் மட்டமான சிலிக்கோனால் செய்த மார்பகப் பைகள் கிழிந்த விவகாரத்துக்குப் பின், பிரிட்டனில் ப்ரூஸ் கியோ தலைமையிலான குழு 2013-இல் அழகுச் சிகிச்சைகளை ஆராய்ந்தது. ஃபில்லரை யாரும் போடலாம், பொருளின் தரத்துக்கும் போதிய கட்டுப்பாடு இல்லை என்ற நிலை இருப்பதை அது சுட்டிக்காட்டியது. விலையில் நம்ப முடியாத சரிவு இருந்தால், மிச்சமாகும் காசுக்கு ஈடாக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டும்: முடிச்சுப் போட்ட வேதிப்பொருளைக் கழுவி நீக்கிய சுத்தமா, தொடர்ந்து பார்த்த ஆண்டுகளா, அல்லது பெட்டிக்குள் இருப்பது அந்தப் பெயருடைய ஜெல்தான் என்ற உறுதியா. ஊசியில்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் பேனாக்களைப் பயன்படுத்த வேண்டாமென்று எஃப்.டி.ஏ. 2021-இல் எச்சரித்ததும், அந்த அழுத்தத்தில் ஜெல் எங்கே போய்ச் சேரும் என்பது யார் கையிலும் இல்லாததால்தான்.

இந்த எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வைக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதை எதோடு ஒப்பிடலாம் என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது: போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? ஹயலூரானிக் அமிலத்தை உடைக்கும் நொதி ஹயலூரானிடேஸ். 1928-இல் ஃபிரான்சிஸ்கோ டுரான்-ரெய்னால்ஸ், விந்தகச் சாறு கலந்தால் கிருமி தோலில் வேகமாகப் பரவுகிறது என்று கண்டார். அந்தப் பரவலுக்குக் காரணம் இந்த நொதி என்று பின்னால் தெரிந்தது. நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் மயக்க மருந்து கண்ணைச் சுற்றிப் பரவுவதற்காக இதை நெடுங்காலமாகக் கலந்து போடுகிறார்கள். ஃபில்லர் கோணலாகிவிட்டால், வேண்டாமென்று தோன்றினால், எல்லாவற்றுக்கும் மேலாக இரத்தக் குழாய் அடைபட்டால், இந்த நொதியைப் போட்டு ஜெல்லைக் கரைக்கலாம். கால்சியம் ஹைட்ராக்ஸிலபடைட் கொண்ட ரேடியெஸ்ஸுக்கோ, கரையாத அக்ரிலிக் உருண்டைகள் கொண்ட ஃபில்லர்களுக்கோ அப்படி ஒரு மாற்று கிடையாது. முகத்தில் ஊசி போட்டுக் கண்பார்வை பாதித்ததாக உலகெங்கும் பதிவான 98 பேரின் விவரத்தை 2015-இல் தொகுத்தார்கள். புருவங்களின் நடுவே போட்டது அதிகம், அடுத்தது மூக்கு. அங்கே ஓடும் சிறு தமனிகள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புடையவை. உள்ளே புகுந்த ஜெல் ஊசியின் அழுத்தத்தால் பின்னோக்கிப் போய், அழுத்தம் நின்றதும் முன்னோக்கிப் பாய்ந்து விழித்திரையின் குழாயில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு 2018 வரை சேர்ந்த 48 பேரில் ஐந்தில் நால்வருக்குப் போட்டது ஹயலூரானிக் ஜெல். அது அதிக ஆபத்தானது என்பது இதன் பொருளல்ல, அதுவே மிக அதிகமாகப் போடப்படுகிறது. ஆனால் கரைக்கக்கூடியது என்பதால் பாதுகாப்பானது என்று நினைப்பவருக்கு இந்த எண் ஓர் எச்சரிக்கை. தோலில் அடைப்பு வந்தால் அதிக அளவு நொதியை மணிக்கொருமுறை திரும்பத் திரும்பப் போட்டு மீட்ட அனுபவம் சேர்ந்திருக்கிறது. கனடாவின் டெலோரென்ஸி 2017-இல் அந்த முறையை விவரித்தார். கண்ணில் அடைப்பு வந்தால் பார்வை திரும்புவது அரிது. எந்த ஜெல் எளிதில் கரையும் என்ற போட்டியில் ஆய்வகங்களின் வரிசை ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை, அதை வைத்துப் பிராண்டைத் தேர முடியாது. நெருங்கிய முடிச்சுள்ள ஜெல்லுக்கு நொதி அதிகம் வேண்டியிருக்கலாம் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வதும், போடும் அறையிலேயே போதிய நொதிக் குப்பிகள் இருக்கின்றனவா என்று கேட்பதும் அதைவிட முக்கியம். குப்பி இல்லாத இடத்தில் எந்தப் பெயர் கொண்ட ஜெல்லையும் போட்டுக்கொள்ளக் கூடாது.

நம் வாசகர்களுக்கு ஒரு கேள்வி மிஞ்சும்: மேற்கத்திய முகங்களில் செய்த சோதனை நம் தோலுக்கும் பொருந்துமா? ரெஸ்டிலேன், பெர்லேன் இரண்டையும் கருமை கூடிய தோலுள்ள 150 பேரிடம் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனை 2009-இல் வெளியானது. ஜெல்கள் இங்கும் வேலை செய்தன. ஊசி பட்ட இடத்தில் சிலருக்குக் கருமை படிந்தது. நம் தோலில் எந்தக் காயமும் ஆறும்போது கறுக்கும் என்பது எல்லோரும் அறிந்தது, பரு ஆறினாலும் அப்படித்தான். கறுப்பது காயத்தால், ஜெல்லால் அல்ல. ஆகவே எத்தனை இடத்தில் குத்துகிறார்கள், எவ்வளவு நீவுகிறார்கள் என்பவை நமக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் கனமுள்ள கேள்விகள்.

இவ்வளவு தூரம் பிராண்டின் பெயரைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தோம். ஓரிடத்தில் மட்டும் அது முதலிடத்துக்கு வருகிறது, அது ஊசி போட்டு முடிந்த பிறகு. நல்ல நிறுவனங்களின் பெட்டியைப் பிரித்தால் சிரிஞ்சோடு சின்னச் சின்ன ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். ஜெல்லின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை மருத்துவர் தன் குறிப்பேட்டில் ஒட்டிக்கொள்வார். மற்றொன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதன் பக்கத்திலேயே இடது கன்னம், எலும்புக்கு மேல், 0.4 மில்லி, கான்யுலா என்று ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லலாம். எட்டு மாதம் கழித்து ஒரு காய்ச்சலுக்குப் பின் கன்னத்தில் கட்டி கிளம்பினாலோ, பத்து ஆண்டு கழித்து வேறு காரணத்துக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கன்ன எலும்பின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்தாலோ, எதிரே உட்கார்ந்திருக்கும் மருத்துவர் முதலில் கேட்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான். கரையும் ஜெல்லா கரையாததா, நெருங்கிய முடிச்சா தளர்ந்த முடிச்சா, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எத்தனை குப்பி நொதி வேண்டும் என்பதையெல்லாம் அவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.